ஓட ஓட செட் ஆயிடும்

பழைய வண்டிக்கு இன்ஜின் மாற்றுகிற தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: நல்ல இன்ஜினாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தால் அந்த ஆளை அதற்கப்புறம் கண்ணால் பார்க்க முடியாது, மோசமானதைப் போட்டுவிட்டால் தினமும் வந்து நம் பெஞ்சிலேயே உட்கார்ந்து நம்மோடு டீ குடிப்பார். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டில் பத்து வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன். என் பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பழைய டீசல் பிக்கப் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் சாமியை வேண்டிக்கொள்கிறவர்கள், கொசு மருந்து வண்டி போகிறது என்று பின்னால் வருகிறவன் நினைக்கிற அளவுக்குப் புகை விடுகிறவர்கள், மேம்பாலம் வந்தால் ஏறுமா ஏறாதா என்று கணக்குப் போடுகிறவர்கள், நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் நானே உண்டாக்கியது.

டாக்டர் ஓட்டின இன்ஜின்

செங்கல் லோடு அடிக்கிற ஒருவர் வந்தார். பதினான்கு வருஷத்து பிக்கப். இன்ஜின் மூச்சு விட ஆரம்பித்திருந்தது. அதாவது, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் டீக்கடை பாய்லர் மாதிரி உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வரும். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டதற்கு அது அடையாளம். வேறு இன்ஜின்தான் போட வேண்டும் என்றேன். சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். யாராவது டாக்டர் ஓட்டின வண்டியின் இன்ஜினாக இருக்க வேண்டுமாம். டாக்டர்கள்தான் வண்டியை அலட்டாமல் ஓட்டுவார்கள், நேரத்துக்கு சர்வீஸ் விடுவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

கார் வாங்குகிறவர்கள் பார்க்கிற பொருத்தம் அது. எந்த டாக்டர் பிக்கப் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார் என்று கேட்டேன். ஆளை மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"மாட்டு டாக்டர் போவாருண்ணா."

லூர்து அக்கா

சிரிப்பதற்கு என்னிடம் இருக்கிற கதை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் லூர்து அக்காவின் கதை.

மண்ணூரில் இருக்கும் லூர்து அக்கா சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அங்கே வேலை செய்கிற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் வேகும். அக்காவே சமைத்து, அக்காவே பிக்கப்பில் ஏற்றி, அக்காவே ஓட்டிக்கொண்டு போவார். அவர் வீட்டுக்காரர் சூசை வேறொரு கம்பெனியில் ஆபரேட்டர். ஷிப்ட் மாறுகிற மனுஷனை நம்பி சோறு வடிக்க முடியாது என்று அக்கா தானே லைசென்ஸ் எடுத்துவிட்டார்.

சாப்பாடு பதினொன்றரைக்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். லைனில் நிற்கிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான், அதுவும் ஒரு கூட்டம் போய் வந்தால்தான் அடுத்த கூட்டம் போகலாம். அக்கா என் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்ததற்கு முந்தின நாள், பாலம் ஏறும்போது இன்ஜின் இழுக்காமல் பத்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. அடுப்புச் சூடு படிந்த முகத்தோடு என் எதிரே நின்று, அழாமல், நிதானமாகச் சொன்னார்.

"'ஒரு தபா வுட்டுட்டேன்க்கா, ரெண்டாவது தபா ஆச்சுன்னா எங்கைல இல்ல, வேற பார்ட்டி ரெடியா கீறாங்க'ன்னு கேன்டீன் சூப்பர்வைசர் சொல்லிட்டாரு தம்பி. எனக்கு ஸ்பீடு வேணாம். நிக்காம போற இன்ஜினா ஒண்ணு பாரு."

பாஸ்வேர்டு

அந்தச் சமயத்தில் விபத்தில் நொறுங்கிய ஒரு புது பிக்கப்பின் இன்ஜின் விலைக்கு வந்திருந்தது. சென்சார் வைத்தது. நல்ல இழுவை, புகையே கிடையாது. எனக்கு ஆசையாக இருந்தது. அக்காவிடம் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன்.

அந்த மாதிரி இன்ஜின் தனியாக வராது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதன் வயரிங், அதன் கம்ப்யூட்டர் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பழைய வண்டிக்குள் திணிக்க வேண்டும். ஒரு வயர் கழன்றால் ரோட்டோர மெக்கானிக் கை வைக்க மாட்டான், லேப்டாப் வைத்திருக்கிறவனைத் தேடிப் போக வேண்டும். பழைய பிக்கப்புக்கு சாதாரண பம்ப் வைத்த இன்ஜின்தான் லாயக்கு. எந்த ஊரில் நின்றாலும் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கிளப்பிவிடலாம். இதையெல்லாம் நான்தான் அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா எனக்குச் சொன்னார்.

"மழைல நின்னுச்சுன்னா யாரு தம்பி வந்து அதுக்கு பாஸ்வேர்டு போடுவாங்க?"

சொந்த இன்ஜின்

ஷெட்டில் என் கூட்டாளி கோதண்டம் அண்ணன். அவரும் மண்ணூர்தான். ஊர் நிலமெல்லாம் கம்பெனிக்குப் போகிறவரை டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அக்கா வண்டியின் இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு, இதையே சரி செய்துவிடலாம் என்றார். லேத்துக்கு அனுப்பி சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் போட்டு, கிராங்க்கைத் தேய்த்து எடுத்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும், ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பர் மாற்றுகிற தொல்லையும் இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் லேத்தில் கூட்டம், பதினைந்து நாள் ஆகும். அதுவரை அக்கா வாடகை வண்டியில் சோறு கொண்டுபோக வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயுத பூஜையும் சனி ஞாயிறும் சேர்ந்து கம்பெனிக்கு மூன்று நாள் லீவு வந்தது. மூன்றே நாளில் வேறு இன்ஜின் ஏற்றி, நாலாவது நாள் அக்கா சொந்த வண்டியில் சோறு கொண்டுபோவார் என்றேன். பழைய இன்ஜின் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நல்ல கர்வம் இருந்தது. ஷெட் போடுவதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் இன்ஜின் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். புது இன்ஜின்கள் வரிசையாக வரும், ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டு ஓகே அல்லது ரிஜெக்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டுவேன். என் காதைத் தாண்டி எதுவும் போகாது என்று கோதண்டம் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நீ கேட்டதெல்லாம் புதுசுப்பா. அதுங்களுக்கு இன்னும் நடிக்கத் தெரியாது."

குளிக்காத இன்ஜின்

சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவுக்கு நானும் கோதண்டம் அண்ணனும் போனோம். அக்கா வண்டிக்குப் பொருந்துகிற இன்ஜின் ஒரு கடையில் இரண்டு இருந்தது. ஒன்று மண்ணும் ஆயிலும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. அதன் மேல்மூடியில் யாரோ பச்சை பெயிண்டில் ஏழு என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றைச் சுத்தமாகக் கழுவி வெள்ளி பெயிண்ட் அடித்து ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். அது ஏற்கெனவே சூடாக இருந்தது. இப்போதுதான் வேறொரு பார்ட்டிக்கு ஓட்டிக் காட்டினேன் என்றார் கடைக்காரர்.

பழைய இன்ஜின் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதன் மேல் கை வைத்துப் பார்ப்பது. சில்லென்று இருந்தால்தான் பேச்சு. சூடான இன்ஜின் எந்தக் குறையும் காட்டாமல் கிளம்பிவிடும். இது எனக்குத் தெரியும். கையை வைத்தேன், சூட்டை உணர்ந்தேன், கையை எடுத்தேன், அவ்வளவுதான். அழுக்கு இன்ஜின் சில்லென்று இருந்தது, ஒரே கிராங்கில் பிடித்தது, ஆனால் பார்க்கிறதுக்கே அருவருப்பாக இருந்தது. இதைக் கொண்டுபோய் சோறு கொண்டுபோகிற வண்டியில் எப்படி வைப்பது என்று முகம் சுளித்தேன். கோதண்டம் அண்ணன் அதன் ஆயில் மூடியைத் திறந்து, மேலே உள்ளங்கையை வைத்து, புகை வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குளிக்கல, அவ்ளோதான். ஒடம்பு நல்லா கீதுப்பா."

ஐஸ்

கோதண்டம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தபோது, நான் எங்கே வேலை பார்த்தேன் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். டெஸ்டிங் லைனைப் பற்றி, ஒரு சின்னச் சத்தத்துக்காக நான் ரிஜெக்ட் போட்ட இன்ஜின்களைப் பற்றி, என் காதைப் பற்றி. மனுஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளி பெயிண்ட் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து என் பக்கம் திருப்பி வைத்தார். தையல் மெஷின் போல ஓடியது.

அது ஏன் அவ்வளவு சத்தமில்லாமல் ஓடியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குள் ஊற்றியிருந்தது இன்ஜின் ஆயில் இல்லை, அதைவிடக் கெட்டியான ஏதோ ஒன்று. கெட்டி ஆயில் ஊற்றினால் அடியில் தேய்ந்த பேரிங் சத்தம் போடாது. எங்கள் தொழிலில் பழைய வித்தை இது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை வெளியே இழுத்து அதில் ஒட்டியிருக்கும் ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் தேய்த்துப் பார்க்கவில்லை, கடைக்காரர் என்னைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி டெஸ்டிங்ல இருந்தவரு சார் நீங்க. உங்களுக்குப் போய் நான் இன்னா சொல்றது?"

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை அன்று மத்தியானமே இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டோம். லூர்து அக்கா இரண்டு தூக்கில் சாம்பார் சாதம் கொண்டுவந்தார். ஷெட்டுக்குப் பூஜை போட்டபோது அக்கா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். டேஷ்போர்டில் மாதா படம் இருக்கிறது, அக்கா ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். அவரே எலுமிச்சம்பழத்தை என் கையிலிருந்து வாங்கி முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தார்.

பழைய ஆயிலை இறக்கியபோது அது தேன் மாதிரி நூல் நூலாக விழுந்தது. கோதண்டம் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். புது ஆயில் ஊற்றி மூடினேன்.

"மாதாவும் இதே வண்டில தான தம்பி வர்றாங்க. அவங்களுக்கும் சேத்து தான் பழம்."

ஸ்குரூடிரைவர்

இன்ஜினுக்குள் எங்கே சத்தம் வருகிறது என்று பார்க்க எங்களுக்கு மெஷின் எதுவும் தேவையில்லை. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வோம். டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். மேலே வைத்துச் சத்தம் கேட்டால் இன்ஜெக்டர், அது சின்ன விஷயம். கீழே, ஆயில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தம் கேட்டால் பேரிங். அது கேட்டால் இன்ஜினை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும், மெல்லிசாக, 'கட் கட் கட்' என்று ஒரு சத்தம். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா சத்தம் தம்பி?" என்றார். நான் ஸ்குரூடிரைவரை எடுத்து மேலே வைத்தேன். இன்ஜெக்டர் சத்தம் எல்லா டீசல் இன்ஜினிலும் கொஞ்சம் இருக்கும். அது கேட்டது. கீழே வைப்பதற்குக் கை போனது. கீழே வைத்து அந்தச் சத்தமும் கேட்டுவிட்டால், மறுபடி இன்ஜினை இறக்க வேண்டும், மறுநாள் காலை சோறு போகாது, கோதண்டம் அண்ணன் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். "இன்ஜெக்டர்க்கா. ஓட ஓட செட் ஆயிடும்" என்றேன்.

எங்கள் தொழிலில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். பொருந்துவதும் செட், பழகுவதும் செட், தானாகச் சரியாகிவிடும் என்பதும் செட். கதவு சாத்தாவிட்டால் செட் ஆயிடும், கியர் விழாவிட்டால் செட் ஆயிடும். அக்கா தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ரோடு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்த கோதண்டம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டதற்கு நான் "ம்" என்றேன். அது பொய்.

"கீழ வெச்சிப் பாத்தியா?"

சர்வீஸ் ரோடு

இருபத்துமூன்று நாள் ஓடியது. நடுவில் இரண்டு தடவை நானே போன் செய்து வண்டி எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். நல்லா போகுது தம்பி என்றார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அந்தச் சத்தம் உண்மையிலேயே செட் ஆகிவிட்டிருக்கும் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன் என்றால், இந்த வார்த்தையின் சக்தியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்துநாலாவது நாள் பதினொரு மணிக்கு அக்கா போன் வந்தது. கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், சர்வீஸ் ரோட்டில். பேரிங் முழுசாகப் போய், பிஸ்டனைத் தாங்குகிற ராடு கழன்று, இன்ஜினின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆயில் எல்லாம் ரோட்டில். இதையெல்லாம் நான் அப்புறம் பார்த்தது. போனில் அக்கா அது எதையும் சொல்லவில்லை. என்ன ஆச்சு, யார் தப்பு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அரை மணி நேரத்துக்குள்ள இத்த கெளப்ப முடியுமா தம்பி? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் வேற வண்டி கைய காட்டி நிறுத்தணும்."

ரிஜிஸ்டர்

முடியாது என்று சொன்னேன். அந்த ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். நானும் கோதண்டம் அண்ணனும் பைக்கில் பறந்தோம். அதற்குள் அக்கா ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி, ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டு அண்டாக்களை மாற்றி ஏற்றிவிட்டார். நாங்கள் கம்பெனி கேட்டுக்குப் போனபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து. அக்கா ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தார். புடவையில் சாம்பார் கொட்டியிருந்தது. சூப்பர்வைசர் வெளியே வரவில்லை. வண்டி நின்ற சேதி தெரிந்து அவர் கூப்பிட்ட வேறு பார்ட்டியின் வேன் அரை மணி முன்னாலேயே உள்ளே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி தெற்கத்திக்காரர், வயசானவர். தினமும் அக்கா சோற்றைத்தான் அவரும் சாப்பிடுகிறவர். நான் அவரிடம் போய், தப்பு அக்காமேல் இல்லை, இன்ஜின் போட்ட என்மேல்தான் என்று சொன்னேன். அப்படிச் சொல்வதால் கேட் திறந்துவிடும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. அவர் மேஜைமேல் இருந்த நோட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எனக்கும் பசிக்கத்தான் செய்யி, தாயி. பதினொன்றரைக்குக் கீழ கோடு போட்டாச்சு. அதுக்குக் கீழ எழுத எனக்கு அதிகாரம் கெடையாது."

ரூம் தெரு

அக்கா அங்கே சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. ஆட்டோக்காரரிடம் பின்பக்கத் தெருவுக்கு விடச் சொன்னார். கம்பெனி ஆட்கள் ஒரே ரூமில் ஆறு பேர், எட்டு பேர் என்று வாடகைக்கு இருக்கிற தெரு அது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நானும் கோதண்டம் அண்ணனும் கதவைத் தட்டி எழுப்பினோம். தட்டு, டப்பா, குக்கர் மூடி எல்லாவற்றோடும் வந்து நின்றார்கள். அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கூட்டு போதுமா, ரசம் ஊற்றவா என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். காண்ட்ராக்ட் போன நாளில் அப்படி ஒரு பந்தி நடந்தது.

அண்டா காலியானதும் ஒருவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒடிசாவோ பீகாரோ, தமிழ் இப்போதுதான் பழகுகிறார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

"அக்கா, சாப்பாடு ரொம்ப நல்லா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்?"

ஏழாம் நம்பர்

மூன்று மாசம் கழித்து, தண்ணீர் கேன் போடுகிற ஒருவர் ஆயில் மாற்றுவதற்காக பிக்கப்பைக் கொண்டுவந்தார். பானெட்டைத் தூக்கினேன். அழுக்கு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. மேல்மூடியில் பச்சை பெயிண்டில் ஏழு. இன்னும் அதைக் குளிப்பாட்டவில்லை.

ஆயிலை இறக்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஸ்குரூடிரைவரை மேலே வைத்தேன், கீழே வைத்தேன், பக்கவாட்டில் வைத்தேன். எங்கேயும் ஒன்றும் இல்லை. கோதண்டம் அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார், அந்தப் பச்சை எழுத்தை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பிப் போனார். வண்டிக்காரருக்கு ஒரே பெருமை. இந்த இன்ஜின் தனக்குக் கிடைத்த கதையை நான் கேட்காமலே சொன்னார்.

"எவனோ ஒரு மெக்கானிக் பாத்துட்டு இத்த வேணாம்னு வுட்டுட்டுப் போனானாம்ணா. எங்க கீறானோ, அந்த ஆளு நல்லா இருக்கணும்."

பூசை முடிந்து

அக்காவின் பழைய இன்ஜின், அவருடைய சொந்த இன்ஜின், என் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழேதான் கிடந்தது. அதை லேத்துக்கு அனுப்பினேன். போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, கிராங்க் தேய்த்து, ஷெட்டுக்கு இழுத்துவந்திருந்த அக்கா வண்டியிலேயே ஏற்றி, ஒவ்வொரு நட்டையும் நானே முறுக்கினேன். சரியாகப் பதினைந்து நாள் ஆனது. அக்கா கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயிலில் பூசை முடிந்து திரும்புகிற நேரமாகப் பார்த்து வண்டியை மண்ணூரில் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கொட்டகையில் அடுப்புகள் இல்லை. அண்டாக்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். அக்கா அதே கம்பெனிக் கேன்டீனில் பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று சூசை அண்ணன் சொன்னார். கம்பெனி பஸ்ஸிலேயே போய் வருகிறாராம். வேறு பார்ட்டி சமைத்ததை இவர் கரண்டியால் போடுகிறார்.

அக்கா வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். ஒரே கிராங்கில் பிடித்தது, ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழுவை எப்படி இருக்கும், மைலேஜ் எவ்வளவு வரும் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவர் ஆஃப் செய்துவிட்டு, "நல்லா கீது. இதுல இன்னாத்த ஏத்திக்கினு போறது?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துப் பார்க்காததைச் சொன்னேன். கை போனதையும், கையைத் திரும்ப எடுத்ததையும், கோதண்டம் அண்ணனிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா கீழே இறங்கி வண்டிக் கதவைச் சாத்தினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்.

"அந்த சத்தம் எனக்கும் தெனமும் கேட்டுச்சு தம்பி. தெரிஞ்சவன் நீ ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட, அதனால எங்காதுலதான் கோளாறுன்னு நெனச்சிக்கினு ஓட்டினேன்."

பழைய இன்ஜினை வாங்குவதற்கு முன்னால் கை வைத்துப் பார்க்க, ஆயிலைத் தேய்த்துப் பார்க்க, காது கொடுத்துக் கேட்க என்று ஆயிரம் சோதனை வைத்திருக்கிற நாம், அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற ஆளை மட்டும் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து நம்பிவிடுகிறோம்.